நாலு மேட்டுக்கு எந்த உவாலா?

ஹவாயின் பெரிய தீவில் உள்ள ஹிலோ ஊரில் எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் நன்றாக வெயில் படும் இடம் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுதான். மண்ணைக் கூட்டினால் நாலு மேடு வரும். ஐந்தாவதைப் போட்டால் துணி உலர்த்தப் போக வழி இருக்காது. இந்த நாலு மேட்டில் எந்தச் சர்க்கரைவள்ளியை வைப்பது என்று தீர்மானிக்க எனக்கு மூன்று போகம் ஆயிற்று. ஹவாய்க்கு மாறி வந்து, கொஞ்சம் மண்ணும் நிறைய ஆசையும் உள்ளவர்கள் அதே மூன்று போகத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 'ஹவாய்ச் சர்க்கரைவள்ளி' என்று பலகை வைத்து விற்கும் ஊதாக் கிழங்கு பெரும்பாலும் பழைய ஹவாய்க் கிழங்கே அல்ல. தோல் வெளுத்து, வெட்டினால் உள்ளே நாவற்பழ நிறத்தில் இருக்கும் அது ஜப்பானின் ஒக்கினாவா ரகம். இந்தத் தீவின் ஹாமாகுவா கடற்கரைப் பக்கமும் மொலோக்காய்த் தீவிலும் வயல் வயலாக விளைகிறது. நல்ல கிழங்குதான், ஆனால் பிற்பாடு வந்து சேர்ந்தது. இன்னோர் ஊதாக் கிழங்கு பிலிப்பினோ இனிப்புகளில் வரும் ஊபே. யாழ்ப்பாணத்தில் இராசவள்ளி என்று கஞ்சி காய்ச்சுகிறார்களே, அதுவேதான். குடும்பமே வேறு. அதற்குக் கொம்பு நட்டுக் கொடியேற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் அதற்கு வேலையில்லை.

ஹவாய்க்காரர்கள் உவாலா என்று சொல்வது, வெள்ளைக்காரக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே பாலினேசியர்கள் ஓடங்களில் கொண்டுவந்த சர்க்கரைவள்ளியை. செடியின் தாயகம் தென்னமெரிக்கா. ஆண்டிஸ் மலைக்காரர்களின் கெச்சுவா மொழியில் குமர், நியூசிலாந்து மாவோரியில் கூமரா, இங்கே எழுத்துகள் தேய்ந்து உவாலா. (குமரா என்றதும் முருகனுக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். ஒரு தொடர்பும் இல்லை.) கலோ எனப்படும் சேம்பு விளைய ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். உவாலாவுக்கு நாலைந்து மாதம் போதும். பஞ்சத்தைச் சட்டென்று தீர்ப்பது உவாலாதான் என்ற பொருளில் ஹவாய் மொழியில் ஒரு பழமொழியே இருக்கிறது. இதே தீவின் வடக்கே கோஹாலாவின் மழை மறைவுச் சரிவுகளில் அன்றைக்கு உவாலாவுக்காகப் போட்ட தாழ்ந்த கல்வரப்புகள் இன்றும் புல்லுக்கடியில் வரிவரியாகத் தெரிகின்றன. ரகப் பெயர்கள் நூற்றுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. கொடியாகக் கைக்குக் கிடைப்பவை அவற்றில் ஒரு சிறு பங்குதான்: மோஹிஹி, லாபா, எலேஎலே, ஹுவாமோவா என்று சில. ஹுவாமோவா என்றால் கோழிமுட்டை. மேலே வெளுப்பு, உள்ளே மஞ்சட்கரு நிறம்.

ஆக என் முன்னால் இருந்தவை மூன்று: பழைய உவாலா, ஒக்கினாவா ஊதா, அமெரிக்கப் பெருநிலத்து ஆரஞ்சுக் கிழங்கு.

ஆரஞ்சை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். போரகார்டு போன்ற ரகங்கள் சீக்கிரம் விளையும். பீட்டா கரோட்டின் அதிகம், குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் வேகவைத்தால் நீர் கோத்துக் குழைந்துவிடும். நெல்லைப் பக்கத்துச் சீனிக்கிழங்கின் மாவுத்தன்மையில் வளர்ந்த நாக்குக்கு அது கிழங்காகவே தோன்றாது. எங்கள் வீட்டில் சூப்புக்குப் போனது, அதோடு சரி.

ஒக்கினாவா விஷயம் அப்படியல்ல. அதன் சுவைக்கு நான் அடிமை. முதல் போகத்தில் நாலு மேட்டிலும் அதைத்தான் வைத்தேன். சந்தையில் வாங்கிய ஒரு கிழங்கைச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். முளைத்தது. முளையைக் கிள்ளி நட்டேன். கொடி பாய் விரித்தாற்போல் படர்ந்தது. அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள். நாலாம் மாதம் ஒரு மேட்டை விரலால் தோண்டிப் பார்த்தேன், சுண்டுவிரல் கனத்தில் வேர்தான் இருந்தது. அதற்குக் காரணம் என் தாராள மனசு என்று பிறகுதான் தெரிந்தது. மாட்டுச் சாணமும் கோழி எருவும் அள்ளிப் போட்டிருந்தேன். தழைச்சத்து மிஞ்சினால் சர்க்கரைவள்ளி இலையாக மட்டும் வளரும். இன்னும் கொஞ்சம் விடலாம் என்று ஐந்தரை மாதம் விட்டேன். அந்த ஒன்றரை மாதத்தில் கூன்வண்டு வந்துவிட்டது.

அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், கிழங்கை எடுத்துக் கழுவியபோது தோலில் குண்டூசி குத்தியது போல நாலைந்து துளை. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கத்தியை வைத்ததும் ஊதாச் சதைக்குள் கறுப்பாகச் சுரங்கம் சுரங்கமாக ஓடியது, ஒவ்வொன்றிலும் ஈரமான தூள் அடைத்திருந்தது. டர்பன்டைன் எண்ணெயைத் திறந்தது போல ஒரு வாடை. கெட்ட பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியை வேகவைத்தால் ஆகாதா என்ற சிக்கன புத்தியில் அதையும் செய்து பார்த்தேன். வேப்பங்கொட்டைக் கசப்பு. புழு குடையும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒருவிதக் கசப்புப் பொருளைச் சுரக்கிறது, அது துளையோடு நிற்காமல் சுற்றிலும் பரவிவிடுகிறது. அப்படிப்பட்ட கிழங்கை மனிதரும் தின்னக்கூடாது, கால்நடைக்கும் போடக்கூடாது. ஒரு வாளி நிறையக் குப்பைக்குப் போயிற்று.

இந்த வண்டு எறும்பு போல ஒல்லியாக, நீலக்கறுப்பில், நடுவில் செம்மை பூசி இருக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளியைக் கெடுப்பதும் இதுவே. ஹவாயில் இதற்குத் துணையாக மேற்கிந்தியக் கூன்வண்டு, தண்டு துளைக்கும் புழு, 2008இல் ஓஆஹுத் தீவில் முதன்முதலாகக் கண்ட மண்கட்டி போன்ற சொரசொரப்புக் கூன்வண்டு ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதன் புழு கிழங்கின் மேல்தோலைப் பள்ளம் பள்ளமாகச் சுரண்டும். சீவி எறிந்தால் உள்ளே நன்றாகவே இருக்கும். முதலில் சொன்ன எறும்பு போன்ற வண்டுதான் மோசம். கிழங்கு பருக்கும்போது மேட்டில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாகவே அது இறங்குகிறது. எனவே மண்ணில் கிழங்கு கிடக்கும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் வண்டுக்கு நாம் அனுப்பும் அழைப்பிதழ்.

என் தீர்மானத்தை மாற்றியது இதுதான். ருசியில் எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதைச் சிறிது சிறிதாக, சரியான நேரத்தில் எடுக்க முடியும், எது கடையில் கிடைக்காது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? ஒக்கினாவாவை ஹிலோ சந்தையில் வாரம் முழுக்க வாங்கலாம். விவசாயி அதைப் பெரிய நிலத்தில், இடம் மாற்றி மாற்றி, என்னைவிட நன்றாக விளைவிக்கிறார். அதற்காக நான் நாலு மேட்டை அரை வருடம் அடைத்து வைப்பானேன்? பழைய உவாலா சந்தையில் அபூர்வம். அதைத் தின்ன வேண்டுமானால் நட்டாக வேண்டும்.

அடுத்த சிக்கல் கொடி எங்கே கிடைக்கும் என்பது. இங்கே மூன்று வழி இருக்கிறது. கடைக் கிழங்கை முளைக்க வைப்பது எளிது, ஆனால் கிழங்கோடு வண்டும் நோயும் வரலாம், பழைய ரகமும் அப்படிக் கிடைக்காது. பழைய ரகங்களைப் பேணும் தாவரத் தோட்டங்கள் சில வேளைகளில் கொடித்துண்டு தருகின்றன, விற்கின்றன. இந்தத் தீவில் கேப்டன் குக் என்ற ஊரில் உள்ள ஏமி கிரீன்வெல் தோட்டம் பண்டைய பயிர்களுக்குப் பேர்போனது. ரகத்தின் பெயர் உறுதியாக வேண்டும் என்பவர்களுக்கு இப்படிப்பட்ட இடமே சரி. மூன்றாவது வழி அண்டை வீடு. எனக்கு வாய்த்தது அது.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் மூத்த பெண்மணி ஹவாய் வம்சம். இந்த ஊரில் வயதில் மூத்தவர்களை உறவு இல்லாவிட்டாலும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அழைக்கிறார்கள், நமக்குப் பழக்கம் மாற்ற வேண்டியதில்லை. கொடி கேட்கப் போனேன். ஆன்ட்டி பேச்சை வளர்க்காமல் கொல்லைக்கு அழைத்துப் போய், "நுனி மட்டும்" என்று சொல்லி, முழங்கை நீளத்துக்கு நுனிகளை ஒடித்தார். அடிக்கொடியைத் தொடவே இல்லை. முற்றிய தண்டில்தான் வண்டு முட்டையிடும், நுனி சுத்தமாக இருக்கும் என்பது அதில் உள்ள சூட்சுமம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு மூன்று நாள் நிழலில் வைக்கச் சொன்னார். கணுக்களில் வெள்ளைப் புள்ளியாக வேர் எட்டிப் பார்த்த பிறகு நட்டேன். ரகத்தின் பெயர் கேட்டதற்கு, "என் பாட்டியுடையது" என்றார். அதுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் அதன் பெயர்.

நடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 1999இல் இதே தீவின் பூனா பகுதியில் கண்டறிந்த சிறு நெருப்பெறும்பு இப்போது ஹிலோ முழுக்கப் பரவியிருக்கிறது. எள்ளில் பாதிகூட இருக்காது, கடித்தால் நாள் கணக்கில் தடிப்பு. கைமாறும் செடிகளும் தொட்டிகளும்தான் அதற்கு வாகனம். சாப்பிடும் குச்சியின் நுனியில் லேசாக வேர்க்கடலை வெண்ணெய் தடவி, வாங்கி வந்த கொடிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். எறும்பு மொய்த்தால் கொடியை உள்ளே கொண்டுவராதீர்கள், யார் கொடுத்தது ஆனாலும்.

இனி இடம். மண்ணில் மேடா, குரோ பேக்கா? இரண்டாம் போகத்தில் குரோ பேக்கைப் பிடித்துக்கொண்டேன். புது மண் கலவை, பழைய வண்டு இல்லை, வீடு மாறினால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எல்லாம் நியாயமாகத்தான் தோன்றியது. நாற்பது லிட்டர் பை ஒன்றில் கிடைத்தது ஒரு வேளைக்கு ஆகும் கிழங்கு. அதுவும் பையின் சுவரில் முட்டி முறுக்கிக்கொண்டு, உரிக்கவே எரிச்சல் வரும் வடிவத்தில். மண், பை, உரம் என்று செலவைக் கூட்டிப் பார்த்தபோது, அந்தக் காசுக்குச் சந்தையில் மூட்டையே வாங்கியிருக்கலாம். பையின் அடியில் ஈரமும் நிழலும் இருப்பதால் நெருப்பெறும்புக்குக் கொண்டாட்டம். ஹொனலூலுவில் பத்தாவது மாடி பால்கனி மட்டும் இருப்பவருக்கு வேறு வழியில்லை. அவருக்கு நான் சொல்வது, கிழங்கை மறந்துவிட்டு இலைக்காகப் பையில் வையுங்கள்.

மேடு போடுவது ஹவாயின் பழைய முறை, புஎ என்பார்கள். ஹிலோவில் அது சடங்கல்ல, கட்டாயம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,200 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதே தீவின் மறுபக்கம் கவாய்ஹாயேயில் 250 மில்லிமீட்டர்கூடத் தேறாது. உவாலா அந்தக் காய்ந்த பக்கத்தில் பேர் வாங்கிய பயிர். நீர் தேங்கினால் அழுகும். முழங்கால் உயரம் மண்ணைக் கூட்டி, உச்சியில் இரண்டு கொடியைச் சாய்த்து வைத்து, மேலே காய்ந்த இலை மூடாக்குப் போடுவதுதான் நான் செய்வது. வெடிப்பு விழுந்தால் அன்றைக்கே மண் அணைப்பேன். கொடி மேட்டை விட்டு இறங்கிக் கணுவுக்குக் கணு வேர்விடப் பார்க்கும். பத்து நாளுக்கு ஒருமுறை தூக்கிப் புரட்டிப் போட்டால் சத்து மேட்டுக்கே போகும். காய்ந்த கோனா பக்கம் இருப்பவர்கள் உயரத்தைக் குறைத்து மூடாக்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

மண்ணைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஹிலோவைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள் இருந்த நிலத்தில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் களைக்கொல்லியாகத் தெளித்த ஆர்சனிக் இன்னும் இருக்கிறது. உங்கள் வீடு அப்படிப்பட்ட நிலத்தில் இருந்தால் பரிசோதித்த பிறகே கிழங்கு வையுங்கள், அல்லது வெளிமண் கொண்டுவந்து மேடு கட்டுங்கள். எப்படியானாலும் கிழங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலை உரித்துச் சமைப்பது நல்லது. பழைய மரவீடுகளின் சுவரோரம் ஈயப் பெயின்ட் உதிர்ந்திருக்கும், அங்கே வேண்டவே வேண்டாம்.

கிழங்கா, இலையா என்பது பலர் கேட்காத கேள்வி. என்னைக் கேட்டால் பாதி லாபம் அதில் இருக்கிறது. வேகவைத்த உவாலா இலைக்கு ஹவாய் மொழியில் பலுலா என்று தனிப்பெயர் உண்டு. நான் பொடியாக நறுக்கி, மிளகாய் வற்றல் தாளித்துத் தேங்காய்த் துருவல் போட்டு இறக்குகிறேன். பசலைக்கும் முருங்கைக்கும் நடுவில் ஒரு ருசி. நட்ட ஆறாவது வாரத்திலிருந்து இலை கிடைக்கும், வண்டைப் பற்றிக் கவலையில்லை, ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே கொடியிடம் இரண்டையும் கேட்டால் கிழங்கு இளைத்துவிடும். அதனால் ஒரு மேட்டை இலைக்கென்றே விட்டேன், மற்ற மூன்றில் கை வைப்பதில்லை. பச்சையாக மட்டும் சாப்பிடாதீர்கள். எலியின் நுரையீரல் புழு நத்தை வழியாக மனிதர் மூளைக்குப் போகும் நோய் இந்தத் தீவின் கிழக்குப் பக்கத்தில்தான் அதிகம். அதைச் சுமக்கும் நத்தைக் குஞ்சு இலை நரம்போடு நரம்பாக ஒட்டியிருந்தால் கண்ணுக்குப் படாது. ஒவ்வோர் இலையாகக் கழுவி, கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் பயமில்லை.

மூன்றாம் போகம், ஆன்ட்டியின் பாட்டியுடையது. மூன்றரை மாதத்தில் மேட்டின் ஓரத்தை விரலால் கிளறி, பெரிதாகத் தட்டுப்பட்டதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மண் மூடினேன். இப்படித் திருடுவது போல எடுப்பது இங்கே பழைய வழக்கம். வாரம் நாலைந்து கிழங்கு, ஆறு வாரம். குவித்து வைத்துக் காக்க வேண்டிய தொல்லை இல்லை. எடுத்த மறுநாளே வேகவைத்தால் இனிப்புக் குறைவாக இருக்கும். ஒரு வாரம் வெதுவெதுப்பான நிழலில் கிடந்தால் இனிக்கும். குளிர்பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது, நடு வேகாமல் கட்டையாகிவிடும். கடைசியில் மேட்டை உடைத்தபோது இரண்டு கிழங்கில் குண்டூசித் துளை இருந்தது. வாளி நிறைய எறிந்த இடத்தில் இரண்டு. எனக்கு இது போதும்.

ருசி? ஒக்கினாவாவைவிட இனிப்புக் கம்மி. சதை வெளிர், மாவு அதிகம், வெடித்து உதிரும். தேங்காய்ப்பால் விட்டு மசித்துச் செய்யும் கோஎலெபாலாவ் என்ற பலகாரத்தை ஆன்ட்டி ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். ஒரு வாய் வைத்ததும் யாழ்ப்பாணத்துத் தோழி, "இது எங்கள் கஞ்சி, கொஞ்சம் கெட்டி" என்றாள். உவாலாவை மசித்துப் புளிக்கவைத்து உண்பதற்கும் சேம்பில் செய்வது போலவே பொய் என்று பெயர். ஆமாம், உச்சரிப்பு அப்படியேதான். எனக்கு அது பிடிக்கவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

கலிபோர்னியாவிலோ ஊரிலோ இருப்பவர்கள் கொடி கேட்கிறார்கள். முடியாது. வண்டுகளின் காரணமாகவே உவாலாக் கொடியும் பச்சைக் கிழங்கும் விமான நிலையச் சோதனையைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போக அனுமதியில்லை. வணிகத்துக்குப் போகும் கிழங்கு கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டே போகிறது. தமிழ்நாட்டில் ஊதாச் சதைதான் ஆசை என்றால் ஹவாயைத் தேட வேண்டாம். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ கிருஷ்ணா இருக்கிறது.

நாலு மேட்டிலும் மறுபடி உடனே உவாலா வைக்கவில்லை. ஒரே மண்ணில் தொடர்ந்து வைத்தால் வண்டும் நூற்புழுவும் நிரந்தரக் குடித்தனம் வந்துவிடும். பழங்கொடி, துண்டுக் கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்கி அகற்றிவிட்டு, பசுந்தாள் உரத்துக்கான சணப்பு தூவியிருக்கிறேன். 1980களில் ஹவாயில் வெளியிட்ட ஒரு சணப்பு ரகம் நூற்புழுவை அடக்கும் என்று விதைக்கடைக்காரர் கொடுத்தார். ஊரில் அப்பா நெல்லுக்கு முன் விதைத்து மடக்கி உழுத அதே மஞ்சள் பூ. அது பூக்கும்வரை பாட்டியுடைய நுனிக்கொடிகள் பத்து, ஆன்ட்டியின் வேலியோரம் தாய்வீட்டில் இருக்கின்றன. காலியான குரோ பேக்கில் மஞ்சள் வைத்தேன். அதுவும் ஓடத்தில் வந்த பயிர்தானாம்.